வொலியூமைத் தேடிப் பிடிப்பதற்குள் பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுந்துவிடுகிறது: டெஸ்க்டொப்பில் சத்தத்தைக் கைக்கெட்ட வைக்க வழி சொல்லுங்கள்

மூணாம் நம்பர் லயம்:

எல்லாருக்கும் வணக்கம். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்து எழுதுகிறேன். போன வருஷம் ஹட்டனில் செகண்ட் ஹேண்டாக ஒரு டெஸ்க்டொப் எடுத்தோம். விண்டோஸ் 10, நாலு ஜிபி ரேம், கூடவே ஒரு பழைய கறுப்புக் கீபோர்ட். அதில் சத்தம் கூட்டக் குறைக்க ஒரு பட்டனும் கிடையாது.

தம்பி உயர்தரம் படிக்கிறான், பாடமெல்லாம் யூடியூபில்தான். அவன் பார்க்கிற கணக்கு சேர் பேசுவது கிணற்றுக்குள் இருந்து பேசுவது போல இருக்கும், அதனால் வொலியூமை 90 வரை ஏற்றி வைத்திருப்பான். நடுவில் விளம்பரம் ஒன்று வரும் பாருங்கள், தகரமே அதிரும். அப்பாவுக்கு பெக்டரியில் இரவு வேலை, பகலில்தான் தூக்கம். பக்கத்து வீட்டில் நாலு மாதக் கைக்குழந்தை. எங்கள் லயம் என்பது வரிசையாக ஒட்டிக் கட்டிய தோட்ட வீடுகள்தான், நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது, மேலே திறந்துதான் இருக்கும், இங்கே தும்மினால் அங்கே ஆயுசு நூறு என்பார்கள்.

இப்போது பிரச்சினை. விளம்பரம் அலறியதும் அவன் செய்ய வேண்டியது: மவுஸைக் கீழே கொண்டுபோக வேண்டும், ஒளிந்திருக்கும் டாஸ்க்பார் மேலே வர வேண்டும், ஓரத்தில் இருக்கும் சின்ன அம்புக்குறியை அமத்த வேண்டும், அதற்குள் இருக்கும் ஸ்பீக்கர் படத்தை அமத்த வேண்டும், அப்புறம் கோட்டைப் பிடித்து இழுக்க வேண்டும். அதற்குள் விளம்பரமே முடிந்து, பக்கத்து வீட்டு அத்தை அகப்பையால் சுவரில் தட்டத் தொடங்கிவிடுவார். காசு அதிகம் செலவில்லாமல் சத்தத்தைக் கைக்குப் பக்கத்தில் கொண்டுவர என்ன வழி?

கொட்டகலை குளிர்:

தங்கச்சி, முதலில் அந்த டாஸ்க்பார் ஒளிகிற வேலையை நிறுத்துங்கள். டாஸ்க்பாரில் ரைட் கிளிக் செய்து செட்டிங்ஸ் போனால், தானாக மறைவது மேல் பக்கத்திலேயே இருக்கும். அப்புறம் அந்த அம்புக்குறிக்குள் மாட்டிக்கொண்ட ஸ்பீக்கர் படத்தை மவுஸால் பிடித்து வெளியே இழுத்து மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் விட்டுவிடுங்கள், அங்கேயே நிற்கும். உங்கள் ஐந்து வேலையில் இரண்டு இதோடு போச்சு.

இன்னொன்று, கோட்டை இழுக்கத் தேவையே இல்லை. ஸ்பீக்கர் படத்தை ஒருமுறை கிளிக் செய்துவிட்டு மவுஸின் உருளையைச் சுற்றினால் போதும், ஏறும் இறங்கும். விண்டோஸ் 11 என்றால் கிளிக்கும் வேண்டாம், படத்தின் மேல் மவுஸை வைத்து உருட்டினாலே நடக்கும்.

டவுன் கடை அண்ணன்:

ஹட்டனில் கொமினிகேஷன் கடை, நெட் கஃபே மாதிரி ஒன்று, வைத்திருக்கிறேன், ஆறு மெஷின், ஆறு விதமான ஆட்கள், அதனால் இந்த வேதனை எனக்கு நன்றாகத் தெரியும். ஒருவர் சிவி டைப் பண்ணுவார், பக்கத்து மெஷினில் ஒருவர் திருவிழா வீடியோவை மேளத்தோடு திறப்பார்.

தங்கச்சி கேட்டது யூடியூப் என்பதால் சொல்கிறேன், அதற்கு விண்டோஸ் வரைக்கும் போக வேண்டியதில்லை. வீடியோ ஓடும்போது கீபோர்டில் எம் எழுத்தைத் தட்டினால் சத்தம் நிற்கும், திரும்பத் தட்டினால் வரும். மேல் அம்பும் கீழ் அம்பும் தட்டினால் ஐந்து ஐந்தாகக் கூடிக் குறையும். ஆனால் வீடியோவின் மேல் ஒருமுறை கிளிக் செய்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அம்புக்குறி பக்கத்தைத்தான் மேலே கீழே தள்ளும். எந்த டேப்பில் இருந்து சத்தம் வருகிறது என்று தெரியாவிட்டால் குரோமில் அந்த டேப்பிலேயே சின்ன ஸ்பீக்கர் படம் தெரியும், ரைட் கிளிக் செய்து அந்தத் தளத்தையே ஊமையாக்கலாம்.

ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனித்தனியாகச் சத்தம் வைக்கிற மிக்சர் விஸ்டா காலத்தில் இருந்தே விண்டோஸில் இருக்கிறது. ஸ்பீக்கர் படத்தில் ரைட் கிளிக் செய்தால் வரும். அதையே இன்னும் வசதியாகப் பார்க்க இயர்ட்ரம்பெட் என்று ஓர் இலவச புரோகிராம் உண்டு, என் ஆறு மெஷினிலும் போட்டிருக்கிறேன். ஒரே கிளிக்கில் குரோம் தனியாக, மற்றது தனியாக, எல்லாக் கோடுகளும் வரிசையாக வந்து நிற்கும்.

பழைய ரேடியோ:

தலவாக்கலையில் நாற்பது வருஷம் ரேடியோ, டேப்ரெக்கோடர் எல்லாம் ரிப்பெயார் செய்தவன் நான். பிள்ளைகள் எல்லாரும் கிளிக், ரைட் கிளிக் என்கிறீர்கள். ரேடியோவில் சத்தம் குறைக்க யாராவது படம் தேடினார்களா? இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினால் திருகுகிற நொப் கிடைக்கும். மகளே, உன் ஸ்பீக்கரில் நொப் இருக்கிறதா இல்லையா? இருந்தால் அந்த ஸ்பீக்கரைத் தூக்கி மொனிட்டருக்கு முன்னால், கீபோர்டுக்கு வலப்பக்கம் வை. அவ்வளவுதான் மருந்து.

மூணாம் நம்பர் லயம்:

ஐயா, நொப் இருக்கிறது. ஆனால் தொட்டாலே கர கர என்று மழை பெய்கிற சத்தம், பாதியில் ஒரு பக்க ஸ்பீக்கர் செத்துவிடும். அதனால்தான் அதை ஒரே இடத்தில் விட்டுவிட்டு யாரும் தொடுவதில்லை.

கொட்டகலை குளிர் அண்ணே, படத்தை வெளியே எடுத்துவிட்டேன், நன்றி. ஆனால் தம்பி வீடியோவைத் திரை முழுக்கப் பெரிதாக்கி வைத்துத்தான் பார்க்கிறான், அப்போது டாஸ்க்பாரே இல்லையே.

பழைய ரேடியோ:

அது செத்த நொப் இல்லை மகளே, அழுக்கு பிடித்த நொப். நம் ஊர்ப் பனியும் ஈரமும் அதற்கு எதிரி, அடுப்புப் புகையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். உள்ளே வளையமாக ஒரு கார்பன் பட்டை இருக்கும், அதன் மேல் ஒரு சின்ன உலோக நாக்கு உரசிக்கொண்டு போகும், அந்த நாக்கு எங்கே நிற்கிறதோ அந்த அளவுக்குச் சத்தம். பட்டையில் அழுக்கு சேர்ந்தால் நாக்கு குதித்துக் குதித்துப் போகும், அந்தக் குதிப்புத்தான் உனக்குக் கர கர. ஸ்டீரியோ என்பதால் ஒன்றின் பின்னால் ஒன்றாக இரண்டு பட்டை. ஒன்றில் மட்டும் தொடர்பு விட்டுப்போனால் ஒரு பக்கம் செத்துப்போகும்.

முதலில் செலவில்லாத வைத்தியம்: ஸ்பீக்கரைக் கழற்றி, கரண்ட் இல்லாமல், நொப்பை இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிக்கு ஒரு முப்பது தடவை திருப்பு. பாதி ஸ்பீக்கர் இதிலேயே சரியாகிவிடும். ஆகாவிட்டால் எலெக்ட்ரோனிக் சாமான் கடையில் கொன்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே கேள். பின் மூடியைக் கழற்றினால் நொப்பின் அடியில் பெட்டி மாதிரி இருக்கும், அதில் வயர் பற்றவைத்த கால்களுக்கு மேலே சின்ன இடுக்கு, அதற்குள் கொஞ்சமாக அடித்து மறுபடி திருப்பு. நன்றாகக் காய்ந்த பிறகுதான் கரண்ட் கொடுக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் விடாதே. சிரிக்கவில்லை, விட்டுக்கொண்டு என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள், தூசி எல்லாம் அதில் ஒட்டிக் களியாகி, நொப்பையே மாற்ற வேண்டியதாகிவிட்டது.

சரியானதும் கொம்பியூட்டரில் சத்தத்தை 80, 90 என்று வைத்துவிட்டு, கூட்டக் குறைக்க நொப்பை மட்டும் பயன்படுத்து. கொம்பியூட்டரில் குறைத்து ஸ்பீக்கரில் கூட்டினால் இரைச்சலையும் சேர்த்துக் கூட்டுகிறாய் என்று அர்த்தம்.

கொழும்பில மலையகத்தான்:

ஐயா சொல்வது கணக்குப்படி சரி, ஆனால் அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. தம்பி இரவில் இயர்போன் போடுவான்தானே? முன்பக்க ஓட்டையில் குத்தினால் சத்தம் ஸ்பீக்கர் நொப் வழியாகப் போகாது, நேராகக் காதுக்கு. 90 என்றால் காது கிழியும். சில மெஷினில் முன் ஓட்டைக்கும் பின் ஓட்டைக்கும் விண்டோஸ் தனித்தனியாக அளவை ஞாபகம் வைத்திருக்கும், சிலதில் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். எனக்கு ஒருமுறை பட்டு, அன்றைக்குப் பூராவும் காதில் ஙொய் என்று ஒரு சத்தம். நான் கொம்பியூட்டரில் 50க்கு மேல் வைப்பதே இல்லை, இரைச்சல் வந்தால் வரட்டும்.

பழைய ரேடியோ:

காதில் மாட்டுவதற்கு முன் கையில் பிடித்துக் கேட்க வேண்டும் என்பது எங்கள் காலத்துப் பழக்கம். ஆனாலும் நீ சொல்வது நியாயம், பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அது யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

ஊவா லினக்ஸ்:

பதுளையில் இருந்து நான் எப்போதும் சொல்வதையே சொல்கிறேன், திட்டாதீர்கள். விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் பொதுவாகக் கொடுத்த ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. நாலு ஜிபி மெஷினில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஓஎஸ், அதிலும் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டால் இலேசாக ஓடும். சத்த விஷயத்திலும் ஒரு படி மேல்: பெனலில், அதாவது அதன் டாஸ்க்பாரில், இருக்கும் ஸ்பீக்கர் படத்தின் மேல் மவுஸை வைத்து உருளையைச் சுற்றினால் கூடும் குறையும், உருளையையே அமத்தினால் ஊமையாகும். கீபோர்ட் செட்டிங்ஸில் எந்த விசைக்கும் எந்த வேலையும் கொடுக்கலாம், அதுக்கென்று வேறு புரோகிராம் தேடி அலைய வேண்டாம்.

டவுன் கடை அண்ணன்:

மச்சான், பிள்ளை உயர்தரப் பரீட்சைக்கு இருக்கும்போது ஓஎஸ் மாற்றச் சொல்கிறாயே. வொலியூம் குறைக்க வீட்டையே இடித்துக் கட்டச் சொல்வது மாதிரி இருக்கிறது.

ஊவா லினக்ஸ்:

சரி சரி, பரீட்சை முடிந்த பிறகு வருகிறேன்.

கொழும்பில மலையகத்தான்:

திரை முழுக்க வீடியோ என்றால் கீபோர்ட்தான் வழி. தங்கச்சியின் கீபோர்டில் வொலியூம் விசை இல்லாவிட்டால் என்ன, யாருமே தொடாத விசை எத்தனை இருக்கிறது! ஸ்க்ரோல் லொக்கை வாழ்க்கையில் தெரிந்தே யார் அமத்தினீர்கள்? எக்செலில் தவறிப்போய் அமத்திவிட்டு, அம்புக்குறி வேலை செய்யவில்லை என்று ஒபிசில் என்னைக் கூப்பிடுவார்கள், அதற்கு மட்டும்தான் அது பயன்படுகிறது.

இரண்டு வழி. ஒன்று, மைக்ரோசொஃப்டின் பவர்டொய்ஸ். அதில் கீபோர்ட் மேனேஜர் என்ற பகுதியில் எந்த விசையையும் வொலியூம் கூட்ட, குறைக்க, ஊமையாக்க மாற்றிக்கொள்ளலாம். இலவசம், ஆனால் பின்னால் எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், நாலு ஜிபி ரேமில் அது ஒரு வாடகைக்காரன். இரண்டாவது, ஷார்ப்கீஸ் என்ற சின்ன புரோகிராம். அது விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு குறிப்பை எழுதிவிட்டுப் போய்விடும், அப்புறம் அதைத் திறக்கவே தேவையில்லை. ஒருமுறை ரீஸ்டார்ட், அவ்வளவுதான். உங்களுக்கு இரண்டாவதுதான் சரி. ஒன்று நினைவிருக்கட்டும், மெஷினில் யார் லொக்இன் செய்தாலும் அந்த மாற்றம் இருக்கும்.

விசையைத் தட்டும் ஒவ்வொரு தடவையும் விண்டோஸில் 2 கூடும் அல்லது குறையும். அமத்திப் பிடித்தால் ஓடிக்கொண்டே போகும்.

அப்புத்தளை மிஸ்:

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டிருந்தேன், இல்லை, கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குக் கண் பார்வை இல்லை, என்விடிஏ திரைவாசிப்பான் வைத்துத்தான் கொம்பியூட்டர் பாவிக்கிறேன். 2006இல் ஒஸ்திரேலியாவில் பார்வையற்ற இருவர் தொடங்கியது, இலவசம், தமிழும் வாசிக்கும்.

உங்கள் எல்லாருக்கும் சத்தம் தொந்தரவு. எனக்குச் சத்தம்தான் திரை. போன மாதம் வீட்டுக்கு வந்த ஒரு சின்னப் பையன் மியூட்டை அமத்திவிட்டுப் போய்விட்டான். கொம்பியூட்டர் ஓடுகிறதா, தொங்கிவிட்டதா, கரண்ட் போய்விட்டதா, எனக்கு எப்படித் தெரியும்? சிபியூ மேல் கையை வைத்துப் பார்த்தேன், அதிர்ந்தது, அப்போதுதான் உயிர் இருக்கிறது என்று தெரிந்தது. அதனால் எல்லாச் சத்தத்தையும் ஒரேயடியாக ஊமையாக்குகிற விசையை எனக்குத் தராதீர்கள். டவுன் கடைத் தம்பி சொன்ன மிக்சரில் குரோமை மட்டும் குறைப்பதுதான் எனக்குச் சரி.

மவுஸ் இல்லாமல் எப்படிப் போவது என்பதையும் சொல்லிவிடுகிறேன், கண் உள்ளவர்களுக்கும் உதவும். விண்டோஸ் விசையோடு பி (B) தட்டினால் மணிக்கூட்டுப் பக்கம் போகும், அம்புக்குறியால் நகர்ந்து ஸ்பீக்கரில் என்டர், அப்புறம் அம்புக்குறியாலேயே கூட்டிக் குறைக்கலாம். அதுவும் நீளமாக இருந்தால் டெஸ்க்டொப்பில் ஒரு ஷோர்ட்கட் உருவாக்கி, எஸ், என், டி, வி, ஓ, எல் (sndvol) என்ற ஆறு எழுத்தைக் கொடுங்கள், மிக்சரின் பெயர் அது. அந்த ஷோர்ட்கட்டின் ப்ரொப்பர்டீஸில் கன்ட்ரோல், ஓல்ட், வி மூன்றையும் சேர்த்து விசையாகக் கொடுத்தால், எங்கிருந்து தட்டினாலும் மிக்சர் வந்து நிற்கும். ஷோர்ட்கட் டெஸ்க்டொப்பிலோ ஸ்டார்ட் மெனுவிலோ இருக்க வேண்டும், வேறு போல்டருக்கு நகர்த்தினால் வேலை செய்யாது. நான் இப்படித்தான் செய்கிறேன்.

பாட்டின் சத்தத்தில் என்விடிஏயின் பேச்சு அமுங்கிப்போகிறது என்றால், என்விடிஏ விசை (வழக்கமாக இன்சர்ட்), ஷிஃப்ட், டி (D) மூன்றையும் அமத்துங்கள். அது பேசும்போது மட்டும் மற்றதெல்லாம் தாழ்ந்து கொடுக்கும்.

மகளுக்கு ஒரு வேண்டுகோள்: ஷார்ப்கீஸில் இன்சர்ட் விசையை மாற்றிவிடாதீர்கள். என்னைப் போல ஒருத்தர் அந்த மெஷினில் உட்கார்ந்தால் அந்த விசையைத்தான் முதலில் தேடுவார்.

டவுன் கடை அண்ணன்:

மிஸ், ஆறு மெஷின் வைத்திருக்கிறேன், ஒருநாளும் இப்படி யோசித்ததில்லை. நாளைக்கே ஒன்றில் என்விடிஏ போட்டு வைக்கிறேன்.

மூணாம் நம்பர் லயம்:

மூன்று நாள் கழித்து வருகிறேன், மன்னியுங்கள், மழையில் லைன் இல்லை.

ஐயா, முப்பது தடவை திருப்பினேன். பாதி சரி. தொடும்போது மட்டும் லேசாகக் கரகரக்கிறது, ஒரு பக்கம் சாவது நின்றுவிட்டது. ஸ்ப்ரே ஹட்டனுக்குப் போகும்போது வாங்குகிறேன்.

ஷார்ப்கீஸ் போட்டேன். முதலில் ஸ்க்ரோல் லொக்குக்குப் பக்கத்தில் இருக்கிற போஸ் விசையை மியூட் ஆக்கலாம் என்று பார்த்தேன், எத்தனை தடவை ரீஸ்டார்ட் செய்தும் நடக்கவில்லை. கீபோர்ட் பழுதா?

கொழும்பில மலையகத்தான்:

கீபோர்டில் பிழை இல்லை, நான்தான் சொல்ல மறந்துவிட்டேன். மற்ற விசைகள் அமத்தினால் ஒரு சின்னக் குறியீட்டை அனுப்பும். போஸ் மட்டும் ஆரம்ப காலத்தில் இருந்தே ஒரு நீளமான, ஒழுங்கில்லாத குறியீட்டை அனுப்பும். ரெஜிஸ்ட்ரி முறையில் அதை மாற்ற முடியாது. பவர்டொய்ஸில் முடியும், ஆனால் அதற்காக மட்டும் அதைப் போட வேண்டாம். ஸ்க்ரோல் லொக்கை மியூட் ஆக்குங்கள். வலது கன்ட்ரோல் கூட்டுவதற்கு, அதற்கு இடப்பக்கம் இருக்கிற மெனு விசை குறைப்பதற்கு. இடம் என்றால் இறக்கம், வலம் என்றால் ஏற்றம்.

அப்புத்தளை மிஸ்:

மெனு விசையும் எனக்கு வேண்டியதுதான், ஆனால் ஷிஃப்டோடு எஃப்10 தட்டிச் சமாளித்துக்கொள்வேன், போகட்டும்.

எஃப்பிலும் ஜேயிலும் விரலுக்குத் தட்டுப்படுகிற ஒரு சின்னக் கோடு இருக்கிறது கவனித்தீர்களா? அதுபோல ஸ்க்ரோல் லொக் மேலேயும் ஏதாவது ஒட்டிவிடுங்கள். திரையில் இருந்து கண் எடுக்காமல் தம்பியின் விரல் அதைக் கண்டுபிடிக்கும்.

கொட்டகலை குளிர்:

விளம்பரத்தின் திடீர் அலறலுக்கும் ஒன்று இருக்கிறது, யாரும் சொல்லவில்லை. ஸ்பீக்கர் படத்தில் ரைட் கிளிக், சவுண்ட்ஸ், ப்ளேபேக், உங்கள் ஸ்பீக்கர், ப்ரொப்பர்டீஸ், அதற்குள் என்ஹான்ஸ்மென்ட்ஸ். அங்கே லவுட்னெஸ் ஈக்குவலைசேஷன் என்று ஒரு பெட்டி இருந்தால் சரி போடுங்கள். டிரைவரைப் பொறுத்து, சில மெஷினில் இருக்காது. மெதுவாகப் பேசுவதை உயர்த்தி, அலறுவதை அமத்தி, இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும். பாட்டுக் கேட்க நன்றாக இருக்காது, எல்லாம் தட்டையாகக் கேட்கும். பாடத்துக்கு நல்லது.

மூணாம் நம்பர் லயம்:

இருக்கிறது! போட்டுவிட்டேன். இப்போது 90 வேண்டாம், 40இலேயே கணக்கு சேர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கிறது. இயர்போன் ஆபத்தும் இதோடு பாதி குறையும்தானே.

ஆனால் இன்னொரு கேள்வி. அம்மா குவைத்தில் இருக்கிறார், கொம்பியூட்டரில் கோல் எடுத்துப் பேசுவோம். அம்மாவின் கோல் வந்தால் பின்னால் ஓடுகிற பாட்டு தானாகவே செத்துப்போகிறது. இந்த மாற்றங்களால் வந்ததா?

டவுன் கடை அண்ணன்:

இல்லை, அது விண்டோஸின் மரியாதை. அதே சவுண்ட்ஸ் ஜன்னலில் கடைசியாக கொமினிகேஷன்ஸ் என்று ஒரு பக்கம் இருக்கும். கோல் வருவது தெரிந்தால் மற்றச் சத்தத்தை 80 வீதம் குறைக்கும்படி முதலில் இருந்தே வைத்திருப்பார்கள். வேண்டாம் என்றால் ஒன்றும் செய்யாதே என்ற வரியைத் தெரிவு செய்யலாம். அம்மா பேசும்போது பாட்டு எதற்கு, அப்படியே விட்டுவிடுங்கள்.

மூணாம் நம்பர் லயம்:

அப்படியே விட்டுவிட்டேன் அண்ணே.

மிஸ் சொன்னபடி ஸ்க்ரோல் லொக் மேல் என்னுடைய ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டினேன், நடுவில் கல் வைத்த பொட்டு, விரலுக்கு நன்றாகத் தட்டுப்படுகிறது. நேற்று தம்பி கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தான், விளம்பரம் தொடங்கியதும் தலையைத் தூக்காமலே இடது கையை நீட்டி ஒரு தட்டு. அப்பா அந்தப் பக்கம் புரளக்கூட இல்லை. பின்னேரம் அத்தை வந்து, கொம்பியூட்டர் பழுதா, இரண்டு நாளாகச் சத்தத்தையே காணோமே என்று கேட்டார்.

பழைய ரேடியோ:

ஸ்ப்ரே வாங்கும்போது பெரிய டின் வாங்காதே மகளே, சின்னது போதும். அடிக்கும்போது ஜன்னலைத் திறந்து வை, அடுப்புப் பக்கம் வேண்டாம்.

ஊவா லினக்ஸ்:

பரீட்சை எப்போது முடிகிறது?